ரிப்போர்ட்டில் பாதி நிஜம்

அடுத்தவர் காகிதத்தை எட்டிப் பார்க்கிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கடிதத்தைப் பிரித்தால் போதும், என் கழுத்து தானாக நீளும். அம்மா தொடையில் கிள்ளுவாள். அப்படிப்பட்டவளுக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஊரார் காகிதங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படிப்பது என் கடமை என்று சர்க்காரே சொல்லிவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. அப்பா ஓவர்சியராக மாற்றலாகிப் போர்ட் பிளேர் வந்தபோது குடும்பமே கூட வந்தோம். திருச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த எனக்கு, தீவுகளுக்கு இடையே ஓடும் படகுகளை நிர்வகிக்கும் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியை ஒட்டிய தகரக் கூரைக் கட்டடம். என் மேஜையிலிருந்து பார்த்தால் மாயாபந்தர் போகும் படகில் யார் யார் ஏறுகிறார்கள், யார் கையில் கோழி, யார் கையில் குழந்தை என்பது வரை தெரியும். டைப் அடிப்பதில் பிழை வந்ததற்கெல்லாம் அந்த ஜன்னல்தான் காரணம்.

ஹெட் கிளார்க்கை எல்லோரும் படா பாபு என்பார்கள். அவர் லோக்கல் பார்ன். அந்தக் காலத்தில் கைதிகளாக இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தை அப்படித்தான் சொல்வது. நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே அவர், "என் தாத்தா கொலைக் கேஸ். பாட்டியும் கொலைக் கேஸ்தான். இங்கே வந்துதான் ரெண்டு பேருக்கும் கல்யாணம்" என்று ஹிந்தியில் சொன்னார். எனக்குச் சொந்த ஊர் உறையூர் என்று நான் சொல்வேனே, அதே குரல். எச்சில் விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன். போகப் போகத்தான் தெரிந்தது, லோக்கல் பார்ன் ஆட்கள் இருவர் சந்தித்தால் தாத்தா எந்தக் கேஸில் வந்தார் என்று விசாரித்துக்கொள்வது சர்வசாதாரணம் என்று. கேட்கிறவருக்கும் கூச்சம் இல்லை, சொல்கிறவருக்கும் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

ஒருநாள் மெட்ராஸ் கப்பலில் வந்த தபால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த படா பாபு, ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார், மறுபடி சிரித்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் அவராகவே காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் படகு ஒன்றில் லாஸ்கராக, அதாவது படகுத் தொழிலாளியாக, வேலை பார்த்தவரைப் பற்றிய போலீஸ் ரிப்போர்ட் அது. பர்மனென்ட் வேலை கொடுப்பதற்கு முன்னால், ஆளின் சொந்த ஊர்ப் போலீசுக்கு எழுதி நடத்தை எப்படி என்று கேட்பார்கள். இவருக்கு ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து வந்த பதிலின் சாரம் இதுதான்: மேற்படி நபர் ஒரு திருட்டுக் கேஸில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனையாக அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருப்பதாக ஊராரிடம் விசாரித்ததில் தெரிகிறது. ஆகவே அவர் சர்க்கார் வேலைக்குத் தகுதியற்றவர்.

"வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷமாச்சு, அதுக்கும் முன்னாலயே நின்னுபோன சமாசாரம்" என்றார் படா பாபு. "எங்க தாத்தாவோட கூட்டாளிங்க ஒருத்தர்கூட உசிரோட இல்ல. இவன் எந்தக் கப்பல்ல வந்தான்னு கேளு."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தமானில் வேலைக்கு மனுப் போட்டவனை, அந்தமானில் இருக்கிற காரணத்தாலேயே தகுதியற்றவன் என்று எழுதியிருந்தார்கள். சிரித்து முடித்த பிறகுதான் திருட்டுக் கேஸ் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. அனுப்பினது பொய். கேஸும் பொய்யா?

அந்த மனிதருக்கு முப்பது வயது இருக்கும். படகிலிருந்து அவர் வீசுகிற கயிறு ஒரே வீச்சில் ஜெட்டிக் கட்டையில் போய் மாட்டும். ஒன்பது வருஷமாக மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலிப் பட்டியலில் இருந்தார். மெட்ராஸ் கப்பல் ஹேடோ துறைமுகத்துக்கு வருகிற நாட்களில் மெயின்லேண்ட்காரர்கள் எல்லோருக்கும் கால் தரையில் பாவாது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், என்ன கொடுத்துவிடலாம் என்று ஒரே அமளி. இவர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை. ஏன் என்று எனக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி இருந்தது.

இன்னொரு விஷயமும் உறுத்தியது. அவருடைய படிவத்தை நிரப்பியவள் நான்தான். ஆங்கிலப் படிவம், லாஸ்கர்களை வரிசையாக நிற்கவைத்து, கேள்வியை அவரவர் பாஷையில் கேட்டு, பதிலை நான் டைப் அடிப்பேன். இல்லை என்கிற பதில்களுக்கெல்லாம் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு நகர்வது எங்கள் அலுவலக வழக்கம். எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு வந்தபோது அவர், "அத அப்புறமா எழுதிக்கலாம்மா" என்றார். படகு புறப்பட சங்கு ஊதிவிட்டது. பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். நான் கோட்டைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் அவர் கரைக்கு வந்ததும் ரிப்போர்ட்டைத் தமிழில் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாதி பொய்யி. பாதி நெசந்தேன்."

"எந்தப் பாதிண்ணே?"

அவர் படகுக்குத் திரும்பிவிட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

படா பாபு விஷயத்தை எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்தார். இப்போதெல்லாம் யாரையும் தண்டனையாக இங்கே அனுப்புவதில்லை, ஆகவே ரிப்போர்ட் தவறு என்று ஒரு குறிப்பு எழுதி அதிகாரிக்கு அனுப்பினார். அதிகாரி சிரிக்கிற ரகம் இல்லை. குறிப்பின் ஓரத்திலேயே மூன்று வரி எழுதித் திருப்பினார். அனுப்பப்படவில்லை என்றால் அந்தக் கேஸ் என்ன ஆனது? படிவத்தில் அதை ஏன் மறைத்தார்? அடுத்த இரண்டு மெட்ராஸ் கப்பலுக்குள் தீர்ப்பின் நகல் வராவிட்டால் மஸ்டர் ரோலிலிருந்தும் பெயரை அடித்துவிடலாம்.

மறைத்தது அவர் இல்லை, என் கோடு. இருந்த வேலையையும் பறித்துவிட்டோம் என்று பயந்துபோய், சாப்பாட்டு நேரத்தில் ஜெட்டிக்கே போனேன். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மூடியைத் திரும்பவும் போட்டு மூடினார்.

"நீங்க சொன்னாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்" என்றேன். உதவி செய்கிற எண்ணம் பாதி, தெரிந்துகொள்கிற ஆசை பாதி. ஒளிப்பானேன்.

"அண்டா" என்றார்.

"என்னது?"

"பித்தளை அண்டாம்மா. ஊர்ப் பொதுச் சாமான். வீட்டுக்கு வீடு கல்யாணம் காச்சின்னா அந்த அண்டாலதேன் சோறு வடிப்பாக. எனக்குப் பத்தொம்பது வயசு. சிலோனுக்குப் போகணும்னு ஒரு கிறுக்கு. தூக்கிட்டுப் போயி பழைய பாத்திரக்காரன்ட்ட போட்டுட்டேன். அவன் அன்னைக்கே ஒடச்சுப்புட்டான்."

பிடிபட்டபோது மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டாராம். நான் அடி, உதை என்று ஏதோ கேட்டேன். அவர் தலையை அசைத்தார்.

"யாரும் அடிக்கலம்மா. அடிச்சிருந்தாத்தேன் தேவலையே. அடுத்த வாரமே ஊர்ல ஒரு கல்யாணம். எதுத்த ஊருக்கும் எங்களுக்கும் கம்மாத் தண்ணித் தகராறு, ரெண்டு தலமொறையாப் பேச்சுவார்த்த கெடையாது. அவன் வாசல்ல போயி நின்னு அண்டா எரவல் கேட்டாக, எங்க ஊர்ப் பெரிய மனுசரு. அதுக்கப்பறம் ஒரு வருசம் ஊர்லதேன் இருந்தேன். எந்தப் பந்தியிலயும் எனக்கு எல போடல. யாரும் ஒண்ணும் சொல்லவும் இல்ல, எல போடவும் இல்ல."

பிறகு அந்தமானில் காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலேறி, வந்த கையோடு படகு வேலைக்கு மாறியிருக்கிறார். கேஸில் மாட்டியவன் திடீரென்று காணோம், விசாரித்தால் அந்தமானில் இருக்கிறான். ஊர் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

"பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்துச்சுன்னா, அத வச்சுக்கிட்டு ஒருவாட்டி ஊருக்குப் போயிட்டு வந்துரலாம்னு இருந்தேன்" என்றார். "சர்க்காரு ஆளுன்னா எவனும் திருடன்னு சொல்ல முடியாதுல்ல. அதுக்குத்தேன் இத்தன வருசமும்."

அன்று சாயங்காலமே அவரை அபர்தீன் பஜாருக்கு அழைத்துப்போனேன். காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் துணிக்கடை மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். நில விவகாரமும் சர்வீஸ் விவகாரமும் தவிர அவரிடம் வேறு கேஸ் வருவதில்லை. புதிதாக ஒன்று வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"ஜெயிலில் எத்தனை நாள்?"

"போகலய்யா."

"அப்போ அபராதம்?"

"அதும் இல்லய்யா."

"பிறகு என்னதான் செய்தார்கள்?"

"மேஜிஸ்ட்ரேட்டு ஐயா வஞ்சாரு. ஒரு காயிதத்துல எங்கிட்டயும் எங்க மாமாட்டயும் கையெழுத்து வாங்குனாக. ஒரு வருசம் ஒழுங்கா இருக்கணும்னாக. மாசம் ஒருக்கா ஒரு ஆபீசர் முன்னால போயி நிப்பேன். நல்லா இருக்கியான்னு கேப்பாரு. இருக்கேன்னு சொல்லிட்டு வந்துருவேன். அவ்வளவுதேன்."

வக்கீல் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படிக்க முயன்றேன். அவர் விளக்கியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. குற்றம் நிரூபணமானாலும், இளம் வயது, முதல் தப்பு என்று பார்த்து, தண்டிக்காமல் நன்னடத்தைப் பிணையில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். அப்படி விடப்பட்டவனை, குற்றவாளி என்று தீர்ப்பான ஒரே காரணத்தைக் காட்டி வேலைக்கோ வேறு எதற்கோ தகுதியற்றவன் என்று ஒதுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பாதுகாப்பு அவர் கூடவே இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

"அப்ப நான் திருடன் இல்லியாய்யா?"

"திருடியது திருடியதுதான். அதை யாரும் அழிக்க முடியாது. அதைச் சொல்லி வேலையை மறுக்க முடியாது, அவ்வளவே."

அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன், இல்லை. அந்தப் பதில் அவருக்குச் சரியாகப் பட்டது போலிருந்தது. எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

நகலுக்கு அன்றே மனு எழுதி அனுப்பினோம். முதல் கப்பலில் ஒன்றும் வரவில்லை. மெயின்லேண்டில் ஒரு காகிதம் மேஜை விட்டு மேஜை நகர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் போட்டு நான் ஓய்ந்துபோனேன். அவர் ஒருமுறைகூட வந்து கேட்கவில்லை. ஆனால் படகு கட்டும்போதெல்லாம் என் ஜன்னல் பக்கம் பார்ப்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன். இரண்டாவது கப்பலில் அரக்கு முத்திரையோடு ஒரு நீள உறை வக்கீல் பெயருக்கு வந்தது. பஜாருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

தீர்ப்பு இரண்டே பக்கம். நான் அதைக் கதைப் புத்தகம்போல வாசித்தேன். ஊர்ப் பொதுவான பித்தளை அண்டா ஒன்று, இரண்டு காதுகள், அடியில் ஒட்டுப் போட்டது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தானாக ஒப்புக்கொண்டார். முந்தைய குற்றம் எதுவும் இல்லை. வயதைக் கருதி ஒரு வருஷ நன்னடத்தைப் பிணையில் விடப்படுகிறார். ஒரு மனிதனை ஒன்பது வருஷம் ஊருக்குப் போகவிடாமல் செய்த காகிதம் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வக்கீல் எழுதிக்கொடுத்த மேல்முறையீட்டு மனுவை நானே டைப் அடித்தேன், ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு. அதோடு, படிவத்தில் கோடு போட்டது என் அவசரத்தால் நேர்ந்த தவறு, அவர் எதையும் மறைக்கவில்லை என்று என் பெயரில் ஒரு வாக்குமூலமும் இணைத்தேன். அதிகாரி கூப்பிட்டு, இனி ஒரு கோடு போட்டாலும் உன் வேலையும் மஸ்டர் ரோலுக்கு வந்துவிடும் என்று கத்தினார். முதுகுக்குப் பின்னால் படா பாபு இருமுகிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தார். மனு சீஃப் கமிஷனர் அலுவலகம் வரை போனது. மழைக்காலம் முழுவதும் காத்திருந்த பிறகு உத்தரவு வந்தது: பழைய தீர்ப்பு நியமனத்துக்குத் தடையல்ல, லாஸ்கர் பதவியில் நிரந்தரமாக நியமிக்கலாம்.

அவரை அலுவலகத்துக்குள் கூப்பிட்டு உத்தரவைத் தமிழில் வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இத அப்படியே தமிழ்ல எழுதிக் குடுங்கம்மா. அக்காவுக்கு அனுப்பணும். ஊர்ல படிச்சுக் காட்டட்டும்."

ஒரு வார்த்தை விடாமல், யாருக்கும் சந்தேகம் வராத தமிழில் இரண்டு தாள் எழுதினேன். அவர் அந்தமானுக்குத் தானாகத்தான் வந்தார், யாரும் அனுப்பவில்லை என்பதை அடிக்கோடிட்டேன். கோர்ட் அவரைத் தண்டிக்கவே இல்லை என்பதற்கும் அடிக்கோடு. மேலே உத்தரவின் நகலை வைத்து, முத்திரை தெரிகிற மாதிரி மடித்து அனுப்பினோம்.

அக்காவின் பதில் பிறகு வந்த கப்பல் ஒன்றில் வந்தது. அவர் படித்துவிட்டு அதை என் மேஜைமேல் வைத்தார். நான் கேட்காமலே ஒரு கடிதம் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பிக்கு. உன் கடுதாசி வந்தது. கோயில் வாசலில் வைத்துப் படித்தார்கள். சர்க்கார் முத்திரையை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். உனக்கு விடுதலை ஆகிவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. அப்படி இல்லை, அவன் கேஸில் போகவில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், யார் கேட்கிறார்கள். அன்றைக்கு அண்டா இரவல் கேட்டுப் போன பெரியவரே, ஒரு அண்டாவுக்காக அந்தப் பையன் ஒன்பது வருஷம் கடல் தாண்டிக் கிடந்துவிட்டான், இதற்குமேல் யாராவது அவனை ஒரு வார்த்தை பேசினால் நான் சும்மா இருக்கமாட்டேன் என்றார். தை மாசம் அவர் பேத்திக்குக் கல்யாணம். உனக்கு எலை போடச் சொல்லியிருக்கிறார். வந்து சேர்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எத்தனை மாசம், எத்தனை மனு, இரண்டு அடிக்கோடு. ஒன்றையாவது படித்தார்களா? இன்னொரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தத் தடவை பெரியவர் பெயருக்கே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"எழுதாதீகம்மா."

"ஏண்ணே? நீங்க தண்டனை அனுபவிச்சதாத்தானே நினைச்சிட்டிருக்காங்க. உண்மை தெரிய வேண்டாமா?"

"உண்ம தெரிஞ்சா, ஊரு அண்டாவத் தூக்குனவன் ஒரு நாளுகூட உள்ள கெடக்காம, வெளிய வந்து சர்க்காரு உத்தியோகம் பாத்துக்கிட்டு சொகமா இருந்துருக்காம்பாக. இப்ப தண்டன கழிஞ்சு போச்சுங்காக. கழிஞ்சதாவே இருக்கட்டும்."

எடுத்த தாளைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். சட்டம் கொடுத்ததை இப்படி ஓரமாக வைத்துவிட்டாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது, அந்த இலை கடைசியில் விழப்போகிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது.

லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, கப்பலுக்கு முந்தின நாள் அவர் மறுபடி அலுவலகத்துக்கு வந்தார். என்னிடம் வரவில்லை. நேராகப் படா பாபுவின் மேஜைக்குப் போய், தனக்குத் தெரிந்த ஹிந்தியில், உங்கள் தாத்தாவை இங்கே என்ன வேலை வாங்கினார்கள், என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டார். ஊரில் கேட்பார்களாம், ஏதாவது சொல்ல வேண்டுமே. படா பாபு சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தேங்காய் மட்டையை நாளெல்லாம் அடித்து நார் எடுத்தது, காடு வெட்டியது, அட்டை கடித்தது, மழையில் வெந்தும் வேகாத ரொட்டி என்று தாத்தா சொன்னதையெல்லாம் அரை மணி நேரம் நிதானமாகச் சொன்னார். லாஸ்கர் முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் மெஷினில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"இவ்வளவும் பொய் சொல்லப் போறீங்களே அண்ணே. எத்தனை வருஷம் கிடந்தேன்னு சொல்லுவீங்க?"

"ஒம்பது வருசம்" என்றார். "அதுல பொய் இல்லியேம்மா."